ரிசார்ட் பிரோஷரில் எண்பத்திரண்டு வயதுக்காரர் எங்கே?

பூந்தமல்லியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர் நோக்கிப் போகும் பெங்களூரு நெடுஞ்சாலையிலும், அம்பத்தூர், ஆவடி, திருநின்றவூர் வழியாகப் போகும் சி.டி.எச். ரோட்டிலும் வீடு விற்கும் பலகைகளுக்குப் பஞ்சமே கிடையாது. அதில் ஒரு சொல் அடிக்கடி கண்ணில் படுகிறது: ரிசார்ட். 'ரிசார்ட் மாதிரி வாழ்க்கை', 'தினமும் விடுமுறை', 'ஓய்வுக்குப் பிறகு இரண்டாவது இன்னிங்ஸ்' என்கிற தினுசில் வாசகங்கள். உள்ளே படம் பார்த்தால் நீல நிற நீச்சல் குளம், பக்கத்தில் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஜோடி. தலையில் நாலு நரைமுடி, முகத்தில் ஒரு சுருக்கம் கிடையாது.

எந்த ஒரு கம்பெனியின் வண்டவாளத்தையும் இங்கே எடுக்கப் போவதில்லை. எனக்கு ஆர்வம் அந்த பிரோஷர் என்கிற எழுத்து வகையில். கதைக்கும் கவிதைக்கும் விமர்சனம் எழுதுகிறோம். ஒரு குடும்பம் முப்பது வருஷம் சேர்த்த பணத்தை எடுத்துக் கொடுக்க வைக்கும் எழுத்துக்கு ஏன் எழுதுவதில்லை? அது என்ன சொல்கிறது, யாரிடம் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று உட்கார்ந்து படித்துப் பார்ப்போம்.

முதலிலேயே என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ரிசார்ட் என்பது மூன்று நாள் தங்கிவிட்டு வீட்டுக்குத் திரும்பும் இடம். முதுமை இருபத்தைந்து வருஷம் ஓடக்கூடிய விஷயம், அதிலிருந்து திரும்பி வர வீடு கிடையாது. பிரோஷர் இந்த இருபத்தைந்து வருஷத்தில் முதல் ஐந்தை மட்டும் எழுதிவிட்டு, மீதி இருபதைக் காலியாக விட்டுவிடுகிறது. வாங்குபவர் அந்தக் காலிப் பக்கத்தைத்தான் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஒரு சொல்லை மறைக்க இன்னொரு சொல்

'ரிசார்ட்' என்ற சொல் ஏன் தேவைப்பட்டது? 'முதியோர் இல்லம்' என்ற சொல்லிலிருந்து தப்பிக்கத்தான். நம்ம ஊரில் அந்தச் சொல்லின் மேல் ஒரு கறை இருக்கிறது. பெற்றோரை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டான் என்றால் அந்தப் பிள்ளையைத் தெருவே ஒரு மாதிரி பார்க்கும். தமிழ் சினிமாவில் அதற்கென்றே ஒரு காட்சி உண்டு, பின்னணியில் வயலின் அழும். சாவித்திரி வைத்தி 1978ல் விச்ராந்தியைத் தொடங்கியபோது அது ஆதரவில்லாத முதியோருக்கான புகலிடம். அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் ஆனந்தம் இல்லமும் வசதியில்லாத முதியோரைக் காசு வாங்காமல் வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்தான். பொதுமக்கள் மனதில் 'முதியோர் இல்லம்' என்றால் இந்தப் படம்தான்: யாரும் இல்லாதவர்கள் போகும் இடம்.

பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, அதுவும் நல்லா சம்பாதிக்கும் பிள்ளைகள் இருப்பவர்களுக்கு, அதே சேவையை விற்க வேண்டும் என்றால் வேறு சொல் வேண்டும். சமைத்துப் போட ஆள், கீழே விழுந்தால் தூக்க ஆள், மருந்து எடுத்துக் கொடுக்க ஆள். தேவை என்னவோ இதுதான். ஆனால் அதை அப்படியே சொன்னால் முதியோர் இல்லம் ஆகிவிடும். அதனால் கிளப்ஹவுஸ், மினி தியேட்டர், யோகா டெக், வாக்கிங் டிராக் என்று சுற்றி வளைத்து எழுதுகிறார்கள். இதில் விற்பவர் மேல் மட்டும் பழி போட முடியாது. சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது நாம்தான்.

இதனால் ஒரு வினோதம் நடக்கிறது. எதற்காக அந்த வீட்டை வாங்குகிறோமோ, அதைப் பற்றி மட்டும் பேச வெட்கப்படுகிறோம். சைட் பார்க்கப் போகிறவர் நீச்சல் குளத்தின் ஆழம் கேட்பார். இரவு இரண்டு மணிக்கு பாத்ரூமில் வழுக்கி விழுந்தால் யார் வருவார்கள், எத்தனை நிமிஷத்தில் வருவார்கள் என்று கேட்க மாட்டார். கேட்டால் அபசகுனம்.

இதன் உண்மையான வாசகர் யார்?

பிரோஷரைக் கொஞ்சம் கூர்ந்து படித்தால் அதன் வாசகர் முதியவரே இல்லை என்பது புரியும். வீடியோ காலில் சைட்டைச் சுற்றிக் காட்டும் வசதி, என்.ஆர்.ஐ. கடன் உதவி, கேமரா, ஆப்பில் அப்பா அம்மாவின் தகவல். இவையெல்லாம் நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்திருக்கும் மகனுக்கும் மகளுக்கும் எழுதப்பட்ட வரிகள். அவர்களுக்கு விற்கப்படுவது நிம்மதி. "அப்பா அம்மா ரிசார்ட்ல இருக்காங்க" என்று நண்பர்களிடம் சொல்ல முடியும்.

அந்த நிம்மதியை நான் கேலி செய்யவில்லை. பன்னிரண்டு மணி நேர வித்தியாசத்தில் இருந்துகொண்டு அம்மா போனை எடுக்கவில்லை என்றால் வரும் பயம் நிஜமானது. ஆனால் பணம் கொடுப்பவர் ஒருவர், வாழப்போகிறவர் இன்னொருவர் என்றால், பொருள் பணம் கொடுப்பவருக்குப் பிடித்த மாதிரிதான் செய்யப்படும். முகப்பு வளைவும் நீர்வீழ்ச்சியும் போட்டோவில் அழகாக வரும். பாத்ரூமில் கைப்பிடி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது போட்டோவில் வராது.

வாழப்போகிறவரிலும் பிரோஷருக்கு ஒருவரைத்தான் தெரியும்: இப்போதுதான் ரிட்டையர் ஆன, கார் ஓட்டுகிற, அறுபது வயது ஆண். அவர் மனைவி படத்தில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்பார். நம்ம குடும்பங்களில் மனைவி பெரும்பாலும் வயதில் இளையவர், பொதுவாகப் பெண்கள் அதிக நாள் வாழ்கிறார்கள். ஆக, அந்த வீட்டில் கடைசிப் பத்து வருஷம் வாழப்போவது பல சமயம் அவர் தனியாகத்தான். பத்திரத்தில் அவர் பேர் இருக்கிறதா? மெயின்டனன்ஸ் எந்தக் கணக்கிலிருந்து போகிறது என்று அவருக்குத் தெரியுமா? அவர் ஒருத்தராக மட்டும் ஆகிவிட்டால் மாதக் கட்டணம் பாதியாகுமா, இல்லை முக்கால் பங்குதான் குறையாமல் நிற்குமா? இந்தக் கேள்விகளுக்கு பிரோஷரில் இடமில்லை.

கோல்ஃப் முதலில், மருத்துவமனை பத்து வருஷம் கழித்து

இந்த எழுத்து வகை எங்கே பிறந்தது என்று பார்த்தால் கதை தெளிவாகும். அமெரிக்காவில் அரிசோனா பாலைவனத்தில் டெல் வெப் என்ற கட்டுமான முதலாளி 1960 ஜனவரி 1ஆம் தேதி சன் சிட்டியைத் திறந்தார். ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும் ஒரு ஊர். வீடு வாங்க வருகிறவர்கள் கண்ணால் பார்த்து நம்ப வேண்டும் என்று கோல்ஃப் மைதானம், பொழுதுபோக்கு மையம், கடைகள் எல்லாவற்றையும் முதலிலேயே கட்டி வைத்தார். அந்த முதல் வார இறுதியில் சுமார் ஒரு லட்சம் பேர் பார்க்க வந்தார்கள். 1962ல் டைம் பத்திரிகையின் அட்டையில் வெப்பின் முகம் வந்தது. முதுமை என்றால் ஓரமாக உட்காருவது என்ற எண்ணத்தை மாற்றி, 'ஆக்டிவ்' என்ற சொல்லை அதன் முன்னால் ஒட்டியவர்களில் அவர் முக்கியமானவர். இன்று நம்ம ஊர் பிரோஷர்களில் வரும் 'ஆக்டிவ் சீனியர் லிவிங்' அந்த வம்சம்தான்.

ஆனால் சன் சிட்டியில் பாஸ்வெல் மருத்துவமனை திறந்தது 1970ல். ஊர் பிறந்து பத்து வருஷம் கழித்து. 1960ல் அறுபத்தைந்து வயதில் குடிவந்து கோல்ஃப் ஆடியவருக்கு அப்போது எழுபத்தைந்து. விற்கும்போது கோல்ஃப் மைதானம் வேண்டும், வாழும்போது மருத்துவமனை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருந்த அந்தப் பத்து வருஷ இடைவெளிதான் ரிசார்ட் பாணியின் சரித்திரம் முழுக்க.

இன்னொரு அமெரிக்கக் கதையும் இங்கே பொருந்தும், இது கொஞ்சம் கசப்பானது. கலிஃபோர்னியாவில் மெதடிஸ்ட் திருச்சபையோடு தொடர்புடைய பசிபிக் ஹோம்ஸ் என்ற அமைப்பு முதியோர் குடியிருப்புகள் நடத்தி வந்தது. ஆயுள் முழுக்கக் கவனித்துக்கொள்கிறோம் என்று ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்கினார்கள். ஆனால் வந்தவர்கள் கணக்குப் போட்டதை விட அதிக நாள் வாழ்ந்தார்கள், விலைவாசியும் ஏறியது. 1977ல் அமைப்பு திவால். முதியவர்கள் திருச்சபை மேல் வழக்குப் போட வேண்டி வந்தது. இதில் ஏமாற்றும் நோக்கம் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதைக் கவனியுங்கள். நல்ல எண்ணத்தோடு தொடங்கினாலும், இருபது வருஷத்துக்கு அப்புறம் ஆகும் செலவை இன்றைக்கே ஒரு தொகையாகச் சொல்வது அபாயமான வேலை.

பிரோஷரில் இல்லாத கணக்கு

அந்தக் கணக்கை நாமே போட்டுப் பார்ப்போம். ஒரு தம்பதிக்கு மெயின்டனன்ஸ், மூன்று வேளைச் சாப்பாடு, வீடு துடைப்பது, அடிப்படை மருத்துவ உதவி எல்லாம் சேர்த்து இன்று மாதம் 35,000 ரூபாய் என்று வச்சுக்குவோம். வருஷத்துக்கு 7 சதவீதம் ஏறுகிறது என்றும் வச்சுக்குவோம். இது பயமுறுத்தும் எண் இல்லை. சமையல்காரர், காவலாளி, நர்ஸ் சம்பளம் ஏறும் வேகத்துக்கு இது சாதாரணம்.

பத்து வருஷம் கழித்து அது சுமார் 69,000. இருபது வருஷத்தில் 1 லட்சத்து 35 ஆயிரம். இருபத்தைந்தாவது வருஷம், அதாவது அறுபதில் குடிவந்தவருக்கு எண்பத்தைந்து ஆகும்போது, 1 லட்சத்து 90 ஆயிரம். இதில் தனி நர்ஸ் கிடையாது, படுக்கையில் கிடந்தால் ஆகும் கூடுதல் செலவு கிடையாது. சங்கத்துக்குக் கட்டும் மாதப் பராமரிப்பு 7,500 ரூபாயைத் தாண்டி, சங்கத்தின் வருஷ வரவும் 20 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி.

இப்போது வரவுப் பக்கம். மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்கு ஒரே தெருவில் இரண்டு பதில்கள் இருக்கும். ஆவடி டேங்க் ஃபேக்டரி என்று எல்லோரும் சொல்லும் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ல் வந்தது. அதில் 2004க்கு முன் சேர்ந்து ரிட்டையர் ஆனவருக்கு மத்திய அரசு பென்ஷன், அகவிலைப்படியோடு. விலைவாசி ஏற ஏற பென்ஷனும் ஏறும். பக்கத்து வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டிலோ பாடியிலோ ஒரு தனியார் ஃபேக்டரியில் முப்பது வருஷம் உழைத்தவர். அவருக்கு 1995ஆம் வருஷத்து இ.பி.எஸ். திட்டத்தில் வரும் பென்ஷன். அதன் குறைந்தபட்சத் தொகை 2014ல் மாதம் 1,000 ரூபாய் என்று வைக்கப்பட்டது. அகவிலைப்படி என்ற பேச்சே அதில் இல்லை. முதல் ஆள் அந்த 7 சதவீதத்தோடு ஓரளவு ஓடிப் பார்க்கலாம். இரண்டாவது ஆள் அம்பத்தூரில் இருக்கும் வீட்டை விற்று அந்தப் பணத்தில் ரிசார்ட்டில் ஒரு ஃபிளாட் வாங்கினால், மாதக் கட்டணத்துக்குப் பிள்ளையின் கையைத்தான் எதிர்பார்க்க வேண்டும். யாரையும் எதிர்பார்க்காமல் வாழத்தான் அங்கே போனார் என்பதை நினைத்துப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

சட்டம் எதுவரை வரும்?

"ரெரா அப்ரூவ்டு" என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கும். நல்ல விஷயம்தான். 2016ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் வாங்குகிறவர்களிடம் வசூலித்த பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்கச் சொல்கிறது. சாவி கொடுத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே சரி செய்ய வேண்டும் என்கிறது. சுவரில் விரிசல் விட்டால் கேட்க ஒரு இடம் இருக்கிறது. ஆனால் சாம்பாரில் தரம் குறைந்தால், இரவு நர்ஸை நிறுத்திவிட்டால், ஆம்புலன்ஸ் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் அந்தச் சட்டத்தின் கை அவ்வளவாக நீளாது. அது கட்டடத்துக்கான சட்டம். நமக்குத் தேவை கவனிப்புக்கான உத்தரவாதம்.

இந்த ஓட்டையை மத்திய அரசும் பார்த்துதான் இருக்கிறது. மத்திய வீட்டு வசதி, நகர்ப்புற அமைச்சகம் 2019ல் ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. கட்டியவர், சேவை தருபவர், வாங்குபவர் என்று மூன்று பேரும் சேர்ந்து ஒப்பந்தம் போட வேண்டும் என்ற யோசனை அதில் இருக்கிறது. மிக முக்கியமான யோசனை. ஏனென்றால் கட்டியவர் விற்று முடித்ததும் கிளம்பிவிடுவார், சேவை தருகிற கம்பெனி லாபம் இல்லை என்றால் விலகிவிடும். அப்புறம் கேஸ் சிலிண்டர் முதல் நர்ஸ் வரை எல்லாவற்றையும் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் சேர்ந்த ஒரு சங்கம் நடத்த வேண்டும். சாதாரண அபார்ட்மென்ட் சங்கத்திலேயே தண்ணீர் லாரி கணக்கில் அடிதடி நடக்கிற ஊர் இது. ஆனால் மாதிரி நெறிமுறை என்பது மாநிலங்களுக்குச் சொல்லும் ஆலோசனை. அது தானாகவே உங்கள் ஒப்பந்தத்துக்குள் வந்து உட்காராது. நீங்களாகக் கேட்டு எழுதி வாங்கினால்தான் உண்டு.

'ஏரி வியூ' என்றால் என்ன?

இனி இடத்துக்கு வருவோம். மேற்குப் புறநகர் என்பது ஏரிகளின் ஊர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து இரட்டை ஏரிக்கு. ஆவடியில் பருத்திப்பட்டு ஏரி, பக்கத்தில் அயப்பாக்கம், அயனம்பாக்கம். பூந்தமல்லிக்குத் தெற்கே செம்பரம்பாக்கம். பிரோஷரில் இதெல்லாம் 'ஏரி வியூ'. பால்கனியில் காபியோடு நின்றால் நீர்ப்பரப்பு தெரியும். உண்மைதான். ஆனால் தண்ணீருக்கு நீங்கள் தெரிகிறீர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். கொரட்டூரிலும் ஆவடிப் பக்கத்திலும் அந்த மழையிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் தண்ணீர் நின்றது.

இளைஞருக்கு வெள்ளம் என்பது இரண்டு நாள் கஷ்டம். ஆறாவது மாடியில் இருக்கும் எண்பது வயதுக்காரருக்கு அது வேறு கணக்கு. கரண்ட் போனால் லிஃப்ட் இல்லை. லிஃப்ட் இல்லை என்றால் டயாலிசிஸுக்குப் போக முடியாது. ஆக்சிஜன் மெஷின் ஓடாது, ஃபிரிட்ஜில் இன்சுலின் சூடாகும், சமையல்காரர் வந்து சேர மாட்டார். ஜெனரேட்டர் எங்கே வைத்திருக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். தரைக்குக் கீழே பேஸ்மென்ட்டில் இருந்தால் முதல் வெள்ளத்திலேயே அதுதான் முதலில் மூழ்கும்.

அடுத்தது நிமிஷக் கணக்கு. 'மருத்துவமனை 15 நிமிடம்' என்று எழுதியிருக்கும். இந்தப் பக்கத்தில் மருத்துவமனைக்குக் குறைவில்லை. போரூரில் ராமச்சந்திரா, வானகரத்தில் அப்போலோ, முகப்பேரில் மெட்ராஸ் மெடிக்கல் மிஷன், தண்டலத்தில் சவீதா. ஆனால் அந்த 15 நிமிஷம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு அளந்ததாக இருக்கும். திங்கட்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்குக் கரையான்சாவடி, குமணன்சாவடி தாண்டி ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து அந்த எண்ணை மறுபடி படியுங்கள். இன்னொன்று: முதியோருக்குத் தேவை எப்போதும் பெரிய ஆபரேஷன் தியேட்டர் இல்லை. பத்து மாத்திரையில் எதை நிறுத்தலாம் என்று சொல்லத் தெரிந்த முதியோர் நல மருத்துவர் வேண்டும். அந்தத் துறைக்கு இந்தியாவிலேயே முன்னோடி சென்னைதான். 1978ல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் முயற்சியில் முதியோருக்குத் தனிப் புறநோயாளர் பிரிவு வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். பிரோஷர் காட்டும் மேப்பில் ஐ.டி. பார்க்கும் மாலும் இருக்கும், கிண்டி இருக்காது.

மூன்றாவது விஷயம், என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம்: ரயில். நீங்கள் ரயிலில் போவதற்காக இல்லை. உங்களைக் குளிப்பாட்ட வரும் அம்மா ரயிலில் வருவதற்காக. கவனிப்பு வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குறைந்த சம்பளம். திருவள்ளூர், வேப்பம்பட்டு, புட்லூர் பக்கத்திலிருந்து அரக்கோணம் லைன் மின்சார ரயிலில் அவர்களால் அம்பத்தூருக்கோ ஆவடிக்கோ வர முடியும். நெடுஞ்சாலையில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்து, அங்கிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர் இருட்டில் நடந்து வர வேண்டிய கேட்டட் கம்யூனிட்டி என்றால் அவர்கள் மூன்று மாசம் வருவார்கள், அப்புறம் வேறு வேலை பார்த்துக்கொள்வார்கள். ஊருக்கு வெளியே, அமைதியாக, பசுமையாக என்று பிரோஷர் கொண்டாடும் அதே தூரம்தான் வயதான காலத்தில் உங்களிடமிருந்து ஆட்களை விலக்கி வைக்கும். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில் கவனிப்பு நல்லதாக இருக்க முடியாது. மருந்து எப்போது, எந்தக் கால் வலிக்கும், காபியில் சர்க்கரை எவ்வளவு என்பதெல்லாம் பழகிய கைக்குத்தான் தெரியும்.

நியாயமாகச் சொல்ல வேண்டியது

இவ்வளவு சொன்னதால் இந்தக் குடியிருப்புகளே வேண்டாம் என்கிறேனா? இல்லை. அவை தருவதில் இரண்டு விஷயங்கள் உண்மையிலேயே பெரியவை.

ஒன்று, அடுப்பிலிருந்து விடுதலை. ஆணுக்கு அறுபதில் ரிட்டையர்மென்ட் உண்டு. நாற்பது வருஷம் காலை ஐந்து மணிக்கு எழுந்து பால் காய்ச்சிய பெண்ணுக்கு ரிட்டையர்மென்ட் எப்போது? பொதுச் சமையலறை இருக்கும் குடியிருப்பில்தான் அவருக்கு முதல்முறையாக அது கிடைக்கிறது. பிரோஷர் எழுதுகிறவர்கள் நீச்சல் குளத்தை விட்டுவிட்டு இதை முதல் பக்கத்தில் போட்டிருக்கலாம்.

இரண்டு, பேச ஆள். பிள்ளைகள் வெளியூர் போன பிறகு பூட்டிய தனி வீட்டில் டி.வி. சத்தத்தோடு வாழ்வது லேசான விஷயம் இல்லை. 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். சம வயதுக்காரர்கள் சேர்ந்து வாழ்வதில் ஒரு தெம்பு இருக்கிறது.

ஆனால் அந்தத் துணையிலும் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். 'சைவ உணவு மட்டும்', 'ஒத்த எண்ணம் கொண்டவர்கள்', 'ஆன்மிகச் சூழல்' என்று வரும் வரிகள் யாரை உள்ளே கூப்பிடுகின்றன, யாரை வெளியே நிறுத்துகின்றன என்று விளக்கத் தேவையில்லை. திருவேற்காடும் திருமழிசையும் திருமுல்லைவாயிலும் இத்தனை நிமிஷம் என்று பட்டியல் இருக்கும். பக்கத்துச் சர்ச், மசூதி எத்தனை நிமிஷம் என்று போட்ட பிரோஷர் என் கண்ணில் பட்டதில்லை. ஃபேக்டரி கான்டீனில் முப்பது வருஷம் எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்ட அம்பத்தூர்க்காரருக்குக் கடைசிக் காலத்தில் இந்த வடிகட்டி ஏன் தேவைப்பட வேண்டும்?

அந்த அம்பத்தூர்த் தெருக்களையே கொஞ்சம் பாருங்கள். அறுபதுகளில் இருந்து ஃபேக்டரிகளை நம்பி வந்து, ஒரு கிரவுண்டு வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி, அங்கேயே வயதானவர்கள். பிள்ளைகள் போய்விட்டார்கள், தெருவே ரிட்டையர் ஆனவர்களின் தெருவாகிவிட்டது. யாரும் திட்டமிடாமல் தானாக உருவான இந்த மாதிரி முதியோர் குடியிருப்புக்கு அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் ஹன்ட் எண்பதுகளிலேயே ஒரு பெயர் வைத்தார். அங்கே சில ஊர்களில் புது ஊர் கட்டாமல், அப்படிப்பட்ட தெருக்களுக்கே நர்ஸையும் சாப்பாட்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். மருந்துக்கடைக்காரருக்கு உங்கள் பேர் தெரியும், அயர்ன் வண்டிக்காரர் ரெண்டு நாள் ஆளைக் காணவில்லை என்றால் கதவைத் தட்டுவார், கோலம் போடாத வாசல் தெருவுக்கே சேதி சொல்லும். இந்தத் துணை எந்த கிளப்ஹவுஸிலும் விலைக்குக் கிடைக்காது. குறைவது கவனிப்பு மட்டும்தான். நாலு தெரு சேர்ந்து ஒரு சமையலறையும் ஒரு நர்ஸும் வைத்துக்கொள்ள முடியுமா என்று யோசிக்கும் ஒருவரையாவது பார்க்க ஆசை.

அப்போ எப்படித் தேர்ந்தெடுப்பது?

போகத்தான் வேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு நாலு வார்த்தை. வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள். ஆறு மாசம், அதிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கட்டாயம் உள்ளே வர வேண்டும், மழையில் அந்த இடம் எப்படி இருக்கிறது என்று தெரியும். அதுவரை பழைய வீட்டை விற்க வேண்டாம், பிள்ளைகள் பேருக்கு எழுதியும் வைக்க வேண்டாம். அப்படி எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். 2007ஆம் வருஷத்து மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு அப்போதுதான் கை கொடுக்கும்.

ஒப்பந்தத்தில் மூன்று இடங்களைத் தேடுங்கள். மாதக் கட்டணம் வருஷத்துக்கு எவ்வளவு வரை ஏறலாம் என்று மேல் வரம்பு இருக்கிறதா? சேவை தரும் கம்பெனி விலகினால் யார் பொறுப்பு? விற்க வேண்டி வந்தால் யாருக்கு விற்கலாம்? ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவருக்குத்தான் என்றால் வாங்கும் ஆட்களின் எண்ணிக்கை அப்போதே பாதிக்கு மேல் குறைந்துவிடும், விலையும் அதற்கேற்பத்தான் இருக்கும்.

சைட் பார்க்கப் போகும்போது மாடல் ஃபிளாட்டைக் காட்டுவார்கள், ஏ.சி. போட்டு, காபி கொடுத்து. பார்த்துவிட்டு, ஏற்கெனவே ஆட்கள் குடியிருக்கும் இடமாக இருந்தால் ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள்: "இங்கே இருக்கிறவர்களிலேயே வயதில் மூத்தவரோடு பத்து நிமிஷம் பேசணும்." அவர் எந்த அறையில் இருக்கிறார், யார் அவர் பக்கத்தில் இருக்கிறார்கள், அவருடைய தண்ணீர்ப் பாட்டில் கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். "எண்பது ஆன பிறகு அவங்களைப் பிள்ளைங்க கூட்டிட்டுப் போயிடுவாங்க சார்" என்று பதில் வந்தால், அது ரிசார்ட்தான், அதில் பொய் இல்லை. மூன்று நாள் தங்கிவிட்டு வரலாம்.